வாட்ஸ் இருக்கட்டும், வார்த்தை கேட்கிறதா?

காருக்கு நல்ல ஸ்பீக்கர் எது என்று யாராவது என்னைக் கேட்டால், "உங்கள் கார் கதவு" என்றுதான் பதில் சொல்வேன். கிழவருக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்பார். நானும் அதே பதிலை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

காரில் நல்ல சங்கீதம் கேட்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கடைக்குப் போய் ஒரு கம்பெனிப் பெயரையும் ஒரு வாட்ஸ் எண்ணையும் வாங்கி வருகிறார்கள். என் கட்சி வேறு. கார் ஸ்பீக்கர் என்பது கட்ட வேண்டிய சாமான், வீடு கட்டுகிற மாதிரி. அஸ்திவாரம் முதலில், அலமாரிக்குப் பாலிஷ் கடைசியில். நம் ஊரில் இந்த விஷயத்தில் மட்டும் பாலிஷில் ஆரம்பித்து, அதிலேயே காசைத் தீர்த்துவிட்டு, அஸ்திவாரம் போடாமலேயே குடிபோகிறோம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தொலைபேசித் துறையில் 34 வருஷம், அதில் பாதிக்கு மேல் டிரான்ஸ்மிஷன் பிரிவில். டெசிபல் எங்களுக்கு அன்றாடச் சோறு. அந்தக் காலத்து டிரங்க் காலில் போனது 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான். மனிதக் காது 20 முதல் 20,000 வரை கேட்கும் என்று புத்தகம் சொல்லும்போது, அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டே ஊரெல்லாம் கல்யாணம் பேசி முடித்தது, சண்டை போட்டது, துக்கம் சொல்லி அழுதது. எது அவசியமோ அதைத் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மனிதனுக்குப் போதும் என்பது அங்கே கற்ற பாடம். காருக்கும் அதுதான் என் அளவுகோல்.

நல்ல கார் ஆடியோ என்றால் என்ன? என் இலக்கணம் இது. வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏ.சி. ஓடுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து சீட்டிலிருந்து மனைவி, "அந்த இளநீர்க் கடையில் நிறுத்துங்க" என்று சாதாரணக் குரலில் சொன்னால் எனக்குக் கேட்க வேண்டும். அதே சமயம் பாடகர் சொல்லும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி கேட்க வேண்டும். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் அதுவும் கேட்க வேண்டும். குறைந்த சத்தத்தில் முழுசாகக் கேட்பது, அவ்வளவுதான். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்வது கஷ்டம். சத்தத்தைக் கூட்டினால் எந்த ஸ்பீக்கரும் கொஞ்ச நேரம் நன்றாக இருப்பது போலத்தான் தோன்றும்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சர், முன்சன் என்று இரண்டு பேர் 1933இல் வெளியிட்ட வரைகோடுகள் எங்கள் பயிற்சி வகுப்பிலேயே வந்துவிட்டன. சத்தம் குறையக் குறைய நம் காது கீழ்ச்சுருதியைத்தான் முதலில் கைவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் அடித்தளம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் டெமோவை அலற விடுவதன் ரகசியம் இதுதான். நல்ல வடிவமைப்பு காதின் இந்தக் குணத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு, மெதுவாக வைத்தாலும் தொப்பி தொலையாமல் பார்த்துக்கொள்ளும்.

இனி இந்த வாட்ஸ் சமாசாரம். டாஷ்போர்டு ஸ்டீரியோவின் அட்டைப் பெட்டியில் "4 சானல், ஒவ்வொன்றும் 50 வாட்ஸ்" என்று போட்டிருக்கும். அந்த 50 எங்கிருந்து வந்தது? வண்டி ஓடும்போது பேட்டரி லைனில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரண ஸ்டீரியோ அதற்குள்தான் ஆட முடியும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 52 வரும். அட்டைப் பெட்டியின் ரகசியம் அவ்வளவுதான்! அலை மேலும் கீழும் முழு உச்சியிலேயே சதுரமாக நின்றால் கிடைக்கும் கணக்கு அது. எந்தப் பாடகரும் சதுரமாகப் பாடுவதில்லை. ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதி, 26. உள்ளே சர்க்யூட் தின்றது போக, கரகரப்பில்லாமல் கைக்கு வருவது 20 வாட்டுக்கு முன்னே பின்னே.

20 வாட் குறைச்சலா? ஒரு சராசரி கார் ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 90 டெசிபல் சத்தம் தரும். 10 வாட் கொடுத்தால் 100 டெசிபல். ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் அதில் உட்காராதே என்று தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்கு சொல்லும் சத்தம் அது. இன்னொரு விஷயம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சற்றே வித்தியாசம் தெரியும். சத்தம் இரண்டு மடங்கானது போலக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50க்கும் 100க்கும் இடையில் பெரிய மலை ஒன்றும் இல்லை. பில்லில்தான் மலை.

அப்படியானால் தனி ஆம்ப்ளிஃபயரே வேண்டாமா? வேண்டும். ஆனால் காரணம் வேறு. மிருதங்கத்தில் ஓங்கி ஒரு அடி விழும்போது, அந்தக் கணத்தில் அலை சராசரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் பவர் கேட்கும். அப்போது ஆம்ப்ளிஃபயரிடம் இருப்பு இல்லையென்றால் அலையின் தலை வெட்டுப்பட்டு, "தீம்" என்பது "தப்" என்று விழும். என் வண்டியில் இருப்பது சானலுக்கு 45 வாட். அதில் பெரும்பகுதி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. வங்கியில் கொஞ்சம் பணம் இருப்பது மாதிரி. தினம் எடுத்துச் செலவழிக்க அல்ல. இருக்கிறது என்ற நிம்மதிக்கு.

இப்போது கதவுக்கு வருவோம். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. ஏன் பெட்டி? ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது, பின்னால் அதே அளவு இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்தால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். அத்தனை நீளமான அலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் ஓட்டை வழியாக ஓடிவந்து எதிராளியை ரத்து செய்வது பெரிய வேலையே இல்லை. அதைத் தடுக்கத்தான் பெட்டி. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961இல் ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்தே ஒரு கருவி என்பதைக் கணக்காக எழுதிக் காட்டினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். தீல்-ஸ்மால் எண்கள் என்று இன்றும் நல்ல ஸ்பீக்கரோடு வரும் காகிதத்தில் அச்சிடுகிறார்கள்.

காரில் அந்தப் பெட்டி எது? கதவுதான். அந்தக் கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி மோட்டாரைப் பொருத்தக் கைவிட ஒரு பெரிய ஓட்டை, பூட்டுக்கு ஒன்று, ஒயருக்கு ஒன்று. எல்லாவற்றையும் மூடி ஒரு பிளாஸ்டிக் தாள். வெளித்தகடோ விரலால் அழுத்தினால் உள்ளே போகும். இந்தத் தகர டப்பாவில் பத்தாயிரம் ரூபாய் ஸ்பீக்கரைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்தில் காவிரித் தண்ணீர் பிடிக்கிற கதை.

எனவே முதல் செலவு கதவுக்கு. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட் கிடைக்கிறது. வெளித்தகட்டின் நடுப்பகுதியில் ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்த வேண்டும். முழுவதும் அப்ப வேண்டியதில்லை, அதிர்கிற இடத்தில் போட்டால் போதும். உள்தகட்டின் ஓட்டைகளைக் கெட்டியாக மூட வேண்டும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவில் கெட்டியான ஒரு வளையம் வேண்டும். கடைகளில் எம்.டி.எஃப். பலகையில் வெட்டிக் கொடுப்பார்கள். நம் ஊர் ஐப்பசி மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எம்.டி.எஃப். ரவாதோசை போல உப்பிவிடும். மரைன் பிளைவுட்டோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ கேளுங்கள். இன்னொன்றும் முக்கியம். கதவின் அடியில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். ஆர்வக்கோளாறில் அவற்றையும் அடைத்துவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் கதவு துருப்பிடிக்கும்.

இதற்குப் பின்னும் கதவு கச்சிதமான பெட்டி ஆகிவிடாது. கொஞ்சம் ஒழுகும் பெரிய பெட்டியாகத்தான் இருக்கும். அதனால் ஸ்பீக்கரையும் அதற்கேற்றாற்போல் எடுக்க வேண்டும். தீல்-ஸ்மால் காகிதத்தில் க்யூ.டி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். அது 0.6, 0.7 பக்கம் இருந்தால் கதவில் நன்றாகப் பேசும். 0.35 பக்கம் இருப்பவை பெரும்பாலும் அளவெடுத்துச் செய்த பெட்டிக்குப் பிறந்தவை. விலை கூடுதலாக இருந்தாலும் கதவில் மெலிந்துதான் ஒலிக்கும். இந்த எண்ணைக் கேட்டால் கடையில் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கையில் ஐந்தாயிரம்தான் இருக்கிறது என்றால், ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். கதவை மட்டும் செய்துவிட்டு, வண்டியோடு வந்த ஸ்பீக்கரையே அதே இடத்தில் மாட்டிக் கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்.

அடுத்தது உட்காரும் இடம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். எங்கள் சின்ன ஹேட்ச்பேக்கில் டேப் வைத்து அளந்தேன். ஓட்டுநர் காதிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 95 சென்டிமீட்டர், இடது கதவு ஸ்பீக்கர் 140. வித்தியாசம் 45 சென்டிமீட்டர், அதாவது 1.3 மில்லிசெகண்ட். இது ஒரு பெரிய விஷயமா என்றால், மிகப் பெரிய விஷயம். நம் ஒரு காதுக்கும் மறு காதுக்கும் ஒலி வந்து சேர்வதில் இயற்கையாக இருக்கும் வித்தியாசமே முக்கால் மில்லிசெகண்டுக்குள். அதை வைத்துத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. முதலில் வந்த ஒலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சத்தம் என்று முடிவு கட்டிவிடும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் இதை ஆராய்ந்து எழுதியதால் ஹாஸ் விளைவு என்றே பெயர். காரில் பாடகி நம் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருப்பது இதனால்தான்.

மருந்து சுலபம். கிட்ட இருக்கும் ஸ்பீக்கரை 1.3 மில்லிசெகண்ட் தாமதமாகப் பேசச் சொல்ல வேண்டும். டி.எஸ்.பி. என்னும் டிஜிட்டல் பெட்டி இதைச் செய்கிறது. இப்போது பல ஸ்டீரியோக்களிலேயே இந்த வசதி உள்ளே இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. டேப்பால் அளந்து எண்ணைப் போட்டால், முழங்காலில் இருந்த பாடகி எழுந்துபோய் டாஷ்போர்டுக்கு மேலே, கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார். தம்பூரா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று மேடை விரியும். இதற்கு ஆன செலவு இருபது ரூபாய் டேப்.

இங்கே கார் வீட்டைவிட ஒரு படி உயர்த்தி. வீட்டு ஸ்பீக்கர் செய்கிறவருக்கு, வாங்குகிறவர் எந்த அறையில் எந்த மூலையில் சாய்ந்திருப்பார் என்று தெரியாது. காரில் சீட்டு எங்கே, தலை எங்கே, கண்ணாடி எங்கே, மெத்தை எங்கே, எல்லாம் முன்கூட்டியே தெரியும். அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர், கார் கம்பெனியோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மாடலுக்கென்றே வடிவமைத்த ஆடியோவைக் கொண்டுவந்தார். 1983 மாடல் காடிலாக் செவிலில் அது இருந்தது. அவருடைய ஸ்பீக்கர்களைப் பற்றி ஆயிரம் பேருக்கு ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் காரை முதலில் படி, ஸ்பீக்கரை அப்புறம் வை என்ற வழி சரியான வழி.

ஒரு சிக்கல் உண்டு. ஓட்டுநர் காதுக்கு அளந்தால் பக்கத்து சீட்டுக்கு மேடை கோணிவிடும். டி.எஸ்.பி.யில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்று நான் தனியாகப் போகும்போது. இன்னொன்று இருவரும் போகும்போது. அதில் தாமதம் எதுவும் இல்லை, இரண்டு பேருக்கும் சம அளவு குறை. 41 வருஷத் தாம்பத்தியத்தில் இதைவிட நியாயமான ஒப்பந்தம் நாங்கள் போட்டதில்லை.

கதவின் ஆறரை அங்குல ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்தையும் பாட முடியாது. சுமார் 2500 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி டார்ச் வெளிச்சம் போலக் குவிந்து நேராகப் போகும். கதவில் நேரே என்றால் நம் கணுக்கால். ச, ஷ, ஸ போன்ற எழுத்துகளின் உயிர் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. கணுக்காலுக்குக் காது கிடையாது. ஆகவே ட்வீட்டர் தனியாக, முன்கண்ணாடித் தூணில், நம் முகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரண்டு ஹியூலட் பேக்கார்ட் பொறியாளர்களின் பெயரில் ஒரு வகை 1976 முதல் இருக்கிறது. பிரிக்கும் இடத்தில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே தாளத்தில் கைகொடுத்து, கூட்டினால் மேடும் பள்ளமும் இல்லாமல் சமமாக வரும். என் வண்டியில் அதை 2800 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். சரியாக வைத்தால் ட்வீட்டர் ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. நல்ல பக்கவாத்தியம் மாதிரி.

கீழ்ச்சுருதிக்கு வருவோம். இங்கேதான் இளைஞர்களோடு எனக்குச் சண்டை. காருக்குள் ஒரு அதிசயம் உண்டு. அலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதானால், அதற்குக் கீழே சத்தம் தானாகவே ஏறும். இரண்டரை மீட்டர் உள்நீளம் உள்ள சின்னக் காரில் இது 70 ஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பிக்கிறது. அதாவது இயற்கையே இலவச மானியம் கொடுக்கிறது. அதன்மேல் டிக்கியில் பெரிய குழாய் சப்வூஃபரையும் வைத்தால், எந்தப் பாட்டுக்கும் "டும்" என்று ஒரே ஸ்வரம்தான் வரும். பாட்டு மாறும், டும் மாறாது.

மிருதங்கத்தில் கும்கி என்று ஒன்று உண்டு. தொப்பியில் அடித்துவிட்டுக் கையை அழுத்தி நகர்த்தும்போது சத்தம் வளைந்து ஏறும். அது நகர்கிற ஸ்வரம். ஒரே ஸ்வரம் மட்டும் தெரிந்த சப்வூஃபர் அதை எப்படிச் சொல்லும்? சர் சி.வி. ராமன் 1920இலேயே நம் தோல் வாத்தியங்களைப் பற்றி நேச்சர் பத்திரிகையில் எழுதினார். சாதாரண மத்தளத்தில் ஒழுங்கில்லாமல் சிதறும் மேலொலிகள், மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கும் கறுப்புப் பூச்சால் ஒழுங்குக்கு வந்து ஸ்வரமாகின்றன என்று விளக்கினார். இத்தனை நுட்பமாகச் சுருதி சேர்த்த வாத்தியத்தைத் தகரம் தட்டுகிற மாதிரி கேட்பதற்கு முப்பதாயிரம் செலவழிக்கிறோம். என் சப்வூஃபர், சீட்டுக்கு அடியில் நுழையும் 8 அங்குலம், மூடிய பெட்டி, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். கும்கி வளைவது தெரிகிறது. கண்ணாடி அதிர்வதில்லை.

கடையில் ஒரு பையன் என்னிடம் சொன்னான். "சார், இதப் போட்டா கண்ணாடி அதிரும் சார்."

"கண்ணாடி அதிரக் கூடாதுன்னுதான் தம்பி நான் காசு குடுக்கறேன்" என்றேன். முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

நெஞ்சில் இடிக்கும் அடியில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. திருவிழாவில் தவில் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். ஆனால் திருவிழா ஊரின் நடுவில் நடக்கிறது. பிடிக்காத குழந்தை அம்மா இடுப்பில் ஏறித் தூரப் போய்விடலாம். காரில் பின் சீட்டுக் குழந்தை பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். என் தங்கை மகன் புதுக் காரில் கதவில் நான்கு, பின் பலகையில் முட்டை வடிவத்தில் இரண்டு, டிக்கியில் ஒரு குழாய் என்று வைத்திருந்தான். அருமையான பையன், ஆசையாக எங்களைக் கோவைக்கு அழைத்துப்போனான். திருச்சியிலிருந்து கரூர் வழியாக நான்கு மணி நேரம். நான் ஒலி அளக்கும் மீட்டர் ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். சிலர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வைத்திருப்பது போல. ஓட்டுநர் தலைக்குப் பக்கத்தில் 81 டெசிபல். பின் சீட்டில், அவனுடைய ஆறு வயது மகளின் தலைக்குப் பக்கத்தில், 90.

"சத்தத்தக் கொஞ்சம் குறைடா" என்றேன்.

"மாமா, இங்க சத்தமே இல்லையே."

"உனக்கு இல்ல. உன் பொண்ணுக்கு இருக்கு."

மீட்டரைக் காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, தானே பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தான். அதற்குப் பின் கோவை வரை பின் ஸ்பீக்கர்கள் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 75க்கும 90க்கும் இடையில் ஐந்து படி. 40ஐ ஐந்து முறை பாதியாக்கினால் ஒன்றேகால் மணி. ஒரு வாரம் முழுமைக்கும் அந்தக் குழந்தைக்கு அனுமதி ஒன்றேகால் மணி நேரம். கரூர் வருவதற்குள்ளேயே அது தீர்ந்துவிடும். காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் தலைமுடி மாதிரி திரும்ப முளைப்பதில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஓட்டுகிறவர் தன் காதுக்குப் பார்த்துச் சத்தம் வைக்கிறார். ஸ்பீக்கரோ குழந்தையின் தலைக்கு ஒரு முழத்தில் இருக்கிறது. தவறு வடிவமைப்பில். அதனால் என் தீர்ப்பு: பின் பலகை ஸ்பீக்கர் தேவையே இல்லை. கச்சேரிக்குப் போனால் வித்வானுக்கு எதிரே உட்காருகிறோம். யாரும் நம் பிடரிக்குப் பின்னால் நின்று பாடுவதில்லை. ஏற்கெனவே இருந்தால் ஸ்டீரியோவில் ஃபேடரை முன்பக்கம் தள்ளிவிடுங்கள். காசு செலவில்லை.

"உங்கள் வயதில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் காதில் விழாதே, உங்களுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வயதானால் மேல்சுருதிதான் முதலில் போகும். அதனால்தான் சொல்கிறேன். வார்த்தை புரியாதபோது கிழவர்கள் சத்தத்தைக் கூட்டுகிறோம். கூடுவது என்னவோ கீழே இருக்கும் இரைச்சல்தான், வார்த்தை அல்ல. ட்வீட்டர் முகத்தைப் பார்த்து, கதவு அதிராமல், நேரம் சரியாக அமைந்திருந்தால் சத்தத்தைக் கூட்டாமலே வார்த்தை புரிகிறது. மிச்சம் இருக்கும் காதை மிச்சம் பிடிக்கத்தான் இந்தப் பாடு.

பாதுகாப்பு பற்றி இரண்டு வரி. ஆம்ப்ளிஃபயருக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம். நடுவில் ஒயர் உரசித் தகட்டைத் தொட்டால் காரையே எரிக்கும் கரண்ட் அது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சுப் பூசிய ஒயர்தான் மலிவாகக் கிடைக்கும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள், முனையைச் சுரண்டிப் பாருங்கள். வண்டியின் சொந்த ஒயரை வெட்ட விடாதீர்கள். கப்ளர் போட்டு இணைத்தால் வாரண்டிச் சண்டை இருக்காது.

என் செலவுக் கணக்கு: கதவு வேலை 4,000, முன் ஸ்பீக்கர் ஜோடி 7,500, டி.எஸ்.பி.யோடு சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் 15,000, ஒரு வருஷம் கழித்துச் சேர்த்த சப்வூஃபர் 8,500. மொத்தம் 35,000. அதே கடையில் எனக்குக் கொடுத்த கொட்டேஷன் 72,000. அதில் கதவுக்கு ஒரு பைசா இல்லை. தினம் மார்க்கெட்டுக்கு மூன்று கிலோமீட்டர் போகிறவருக்கு இந்த 35,000மும் வேண்டாம். வண்டியோடு வந்ததே போதும்.

கடைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். குறைந்த சத்தத்தில் தொலைந்துபோவது எதுவோ, அதற்கு மட்டும் காசு கொடுங்கள். அதற்கு முன் இப்போதே கீழே போய் உங்கள் கார்க் கதவை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். எண்ணெய் டின் மாதிரி "டங்" என்றால், வாங்க வேண்டியது ஸ்பீக்கர் இல்லை. "தொப்" என்று கெட்டியாகச் சொன்னால், வாருங்கள், அப்புறம் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசலாம்.